நடுப்படியில் நின்றுபோகும் பிள்ளைகள்

ஊருக்கு உதவவேண்டும் என்று புலம்பெயர்ந்த நாடுகளில் எம்மவர் கூடிப் பேசும்போதெல்லாம் இருவகைப் பிள்ளைகளே பெரும்பாலும் எமது கண்முன் வருகின்றனர். ஒருவகையினர் ஏடு தொடக்கிய சிறுவர். அவர்களுக்குக் கொப்பியும் புத்தகப்பையும் சப்பாத்தும் வாங்கி அனுப்புகிறோம். மற்றவகையினர் பல்கலைக்கழக அனுமதி பெற்றவர்கள். அவர்களைப் பாராட்டிப் பணமுடிப்பு வழங்குகிறோம். இரண்டுமே நற்செயல்கள். ஆயின் இவ்விரு வகையினருக்கும் இடையில், பன்னிரண்டு வயதிலிருந்து பத்தொன்பது வயது வரை, ஒரு நீண்ட காலம் உண்டு. அகதிப் பிள்ளை ஒன்று படிப்பை விட்டு விலகுவது பெரும்பாலும் இந்தக் காலத்திலேதான். கையில் வேலைக்கு வலு வந்துவிட்டது. வீட்டில் வறுமை நிற்கிறது. படிப்புச் செலவோ ஆண்டுக்கு ஆண்டு ஏறுகிறது. அந்த வயதுப் பிள்ளையின் படம் துண்டுப்பிரசுரங்களில் வருவதும் அரிது.

இந்த நடுக்காலத்தை மறந்தவர்கள் நாம் மட்டுமல்லர். அகதி மாணவருக்கு உலகம் உதவிய வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால், இடைநிலைக் கல்வியே என்றும் இரு தூண்களுக்கு நடுவே தொங்கும் பாலமாக இருந்து வந்திருப்பது புலனாகும். அவ்வரலாற்றின் சில பக்கங்களை வாசகர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சட்டம் வகுத்த பிரிவு

அகதிகளின் நிலை பற்றிய உடன்படிக்கை 1951 ஆம் ஆண்டு யூலை மாதம் 28 ஆம் திகதி ஜெனீவாவில் நிறைவேறியது. எம்மிற் பலர் இன்று வாழும் நாடுகளில் எமக்குத் தஞ்சம் கிடைத்தமைக்கு அந்த ஆவணமே அடிப்படை. அதன் 22 ஆவது உறுப்புரை கல்வியைப் பற்றியது. அது கல்வியை இரண்டாகப் பிரித்துப் பேசுகின்றது. ஆரம்பக் கல்வியில் அகதிக்கும் நாட்டின் குடிமகனுக்கும் வேறுபாடு இருத்தலாகாது என்கிறது முதற்பகுதி. அதற்கு மேற்பட்ட கல்வியைப் பற்றி இரண்டாம் பகுதி பேசும்போது குரல் தாழ்ந்துவிடுகிறது. இயன்றவரை சாதகமாக நடத்துக. எப்படியாயினும் அதே நிலையிலுள்ள ஏனைய அந்நியரிலும் குறைவாக நடத்தாதீர்கள் என்பதோடு அது நின்றுவிடுகிறது.

இதன் பொருள் யாது? ஐந்தாம் ஆறாம் வகுப்பு வரை அகதிப் பிள்ளைக்குக் கல்வி உரிமை. அதற்குமேல் அது சலுகை. ஆயினும் அந்த இரண்டாம் பகுதியிலேயே நான்கு விடயங்கள் பெயர் குறித்துச் சொல்லப்பட்டுள்ளன. கற்கைகளுக்கு அனுமதி, வெளிநாட்டுச் சான்றிதழ்களை ஏற்றுக்கொள்ளல், கட்டண விலக்கு, புலமைப்பரிசில் வழங்கல் என்பனவே அவை. அகதி மாணவன் எங்கெங்கே தடுக்கி விழுவான் என்பதை அச்சட்டத்தை எழுதியோர் நன்கு அறிந்திருந்தனர் என்றே கொள்ளவேண்டும். ஏனெனில் அவர்கள் ஐரோப்பாவில் அதை நேரிற் கண்டவர்கள்.

பதினான்கு வயதில் முடிந்த பள்ளி

1938 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் ஜேர்மனியில் யூதர்களின் வீடுகளும் கடைகளும் தொழுகை இடங்களும் தாக்கப்பட்டன. அதன்பின்னர் பெற்றோரைப் பிரிந்த பிள்ளைகளைத் தனியே பிரித்தானியாவுக்கு அழைத்துவரும் ஏற்பாடு தொடங்கியது. அவ்வாண்டு டிசெம்பர் முதல் 1939 செப்டெம்பரில் போர் மூளும்வரை சுமார் 10,000 பிள்ளைகள் அவ்வாறு வந்து சேர்ந்தனர். நாளடைவில் ஒவ்வொரு பிள்ளைக்கும் 50 பவுண் பிணைப்பணம் கேட்கப்பட்டது. அப்பணம் பிள்ளை படிப்பதற்கானதன்று. என்றோ ஒருநாள் நாட்டை விட்டு வெளியேறும் செலவுக்கானது.

அக்காலத்தில் இங்கிலாந்தில் கட்டாயக் கல்வி 14 வயதோடு முடிந்தது. ஆகவே உயிர் தப்பி வந்த பிள்ளைகளிற் பலர் அவ்வயதிலேயே தொழிற்சாலைகளுக்கும் வீட்டு வேலைகளுக்கும் போயினர். வியன்னாவிலும் பேர்லினிலும் நல்ல பாடசாலைகளில் முன்வரிசையில் இருந்தவர்களும் அவர்களுள் இருந்தனர். உயிரைக் காத்த உலகம் படிப்பைக் காக்க மறந்தது என்று சொல்வது சிறிது கடுமையாயினும் பொய்யன்று.

விதிவிலக்குகளும் இருந்தன. அன்னா எசிங்கர் என்ற ஆசிரியை தென்ஜேர்மனியில் நடத்திவந்த பாடசாலையை 1933 இலேயே இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்துக்குப் பெயர்த்துக் கொண்டுவந்தார். பன்ஸ் கோர்ட் என்ற பெயரில் அது 1948 வரை இயங்கியது. 1939 இல் பேர்லினிலிருந்து ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் அங்கு வந்து சேர்ந்தான். அவனுக்கு ஆதரவளிக்க முன்வந்தவர் ஐரிஸ் ஒரிகோ என்ற எழுத்தாளர். சிறுவனின் பெற்றோர் ஒளஷ்விற்ஸ் முகாமில் கொல்லப்பட்டனர். சிறுவனோ அப்பாடசாலையிலேயே வளர்ந்து, இடைநிலைக் கல்வியையும் முடித்து வெளியேறினான். பிரித்தானியாவின் தலைசிறந்த ஓவியருள் ஒருவராக விளங்கி 2024 இல் மறைந்த பிராங்க் ஓவர்பாக் அவரே. ஒரு பிள்ளையை ஏழு வயதில் ஏற்றுப் பன்னிரண்டில் கைவிடாமல், படித்து முடியும்வரை அவனைத் தாங்க ஓர் இடம் இருந்தது என்பதையே இங்கு நாம் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஆபிரிக்கா கற்றுத்தந்த பாடம்

அகதிகளின் இடைநிலைக் கல்வியைத் தனியொரு கடமையாக எண்ணி முதலில் பெருமுயற்சி எடுத்தவர்கள் ஆபிரிக்க மக்களே என்பது எமது எண்ணம். மொசாம்பிக் நாட்டின் எட்வார்டோ மொன்ட்லேன் அதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு. போர்த்துக்கேயர் ஆட்சியில் ஓர் ஆபிரிக்கப் பிள்ளை உயர்நிலைப் பள்ளியில் நுழைவது குதிரைக்கொம்பு. 1920 இல் பிறந்த மொன்ட்லேன், சுவிஸ் மிஷனரிகளின் உதவியால் எல்லை தாண்டித் தென்னாபிரிக்காவில் இடைநிலைக் கல்வியைத் தொடங்கியபோது இருபது வயதைக் கடந்திருந்தார். அவரே பின்னர் அமெரிக்காவிற் கலாநிதிப் பட்டம் பெற்று, மொசாம்பிக் விடுதலை இயக்கத்தின் தலைவரானார்.

தமக்கு நேர்ந்த தாமதம் அடுத்த தலைமுறைக்கு நேரக்கூடாது என்று அவர் கருதியதில் வியப்பில்லை. 1963 இல் தன்சானியாவின் டார் எஸ் சலாம் நகரில், எல்லை கடந்து வந்த மாணவருக்காக மொசாம்பிக் கல்வி நிலையம் தொடங்கப்பட்டது. அதை நடத்தியவர் அவரது மனைவி ஜனெற். அமெரிக்காவின் போர்ட் நிதியம் சுமார் ஒரு இலட்சம் டொலர் வழங்கியது. போர்த்துக்கல் அரசு எதிர்ப்புத் தெரிவிக்கவே, அந்த உதவி தொடரவில்லை. பின்னர் சுவீடன் போன்ற நாடுகளும் உலகத் திருச்சபைகள் மன்றமும் கைகொடுத்தன. ஒரேயொரு கொடையாளியை நம்பிய பாடசாலையின் கதி என்னவாகும் என்பதற்கு இது முதற் சான்று.

1968 ஆம் ஆண்டு மாணவருக்கும் இயக்கத் தலைமைக்கும் இடையே முரண்பாடு வெடித்து அந்நிலையம் மூடப்பட்டது. படித்தவர் மேற்படிப்புக்கு வெளிநாடு செல்வதா, நாட்டுக்குள் திரும்பிப் பணியாற்றுவதா என்பது அந்த முரண்பாட்டின் மையக் கேள்விகளுள் ஒன்று. கல்வி தனிமனிதனின் ஏணியா, சமூகத்தின் சொத்தா என்ற இக்கேள்வி எமக்கும் புதியதன்று. எமது வீடுகளிலும் அது கேட்கப்பட்டது. இன்றும் விடை காணப்படவில்லை.

அடுத்த எடுத்துக்காட்டு தென்னாபிரிக்கருடையது. 1976 யூன் 16 இல் சொவெற்றோ மாணவர் தம்மீது திணிக்கப்பட்ட ஆபிரிக்கான்ஸ் மொழிக்கு எதிராக வீதியில் இறங்கியபோது அவர்கள்மீது துப்பாக்கிப் பிரயோகம் நடந்தது. ஆயிரக்கணக்கான இளைஞர் நாட்டை விட்டு ஓடினர். அவர்களிற் பலர் இடைநிலை வகுப்பு மாணவர். படிப்பு பாதியில் அறுந்தவர்கள். தன்சானிய அரசு மொரோகோரோவுக்கு அண்மையில் மசிம்பு என்ற இடத்தில் கைவிடப்பட்ட சணற் கற்றாழைத் தோட்டமொன்றை ஆபிரிக்கத் தேசிய காங்கிரசுக்கு வழங்கியது. 1978 இல் அங்கே பாடசாலை தொடங்கியது. 1979 ஏப்ரல் 6 இல் தூக்கிலிடப்பட்ட இளைஞன் சொலமன் மாலாங்குவின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது.

வகுப்பறையோடு அவர்கள் நின்றுவிடவில்லை. பண்ணை, தச்சுப்பட்டறை, மருத்துவ நிலையம், சிறுவர் பராமரிப்பு நிலையம் யாவும் அங்கு எழுந்தன. நோர்டிக் நாடுகள் உட்படப் பல நாடுகளின் மக்கள் அதற்குப் பணம் சேர்த்தனர். தனித்தனிப் பிள்ளையைத் தத்தெடுக்காமல் ஒரு முழுப் பாடசாலையையே தாங்கினர் என்பது கவனிக்கத்தக்கது. 1992 இல், நாடு திரும்பும் காலம் கனிந்தபோது, கட்டடங்களைத் தன்சானியாவிடமே ஒப்படைத்துவிட்டு அவர்கள் விடைபெற்றனர். இன்று அங்கே விவசாயப் பல்கலைக்கழகத்தின் ஒரு வளாகம் இயங்குகின்றது. அடைக்கலம் தந்த நாட்டுக்கு அகதிகள் விட்டுச்சென்ற சீதனம் அது.

உச்சியில் விளக்கு, நடுவில் இருள்

1977 இல் கென்யாவில் வேறொரு வகை முயற்சி தொடங்கியது. நைரோபியில் கற்பித்துக்கொண்டிருந்த ஹியூ பில்கிங்டன் என்ற ஆங்கிலேயர், யுகண்டா, எதியோப்பியா முதலிய நாடுகளிலிருந்து ஓடிவந்த மாணவரின் படிப்புக்கு உதவ ஆரம்பித்தார். தனியொருவரின் அந்த இரக்கமே வின்டில் அறநிதியமாக வளர்ந்தது. மறுவருடம், 1978 இல், கனடாவின் உலகப் பல்கலைக்கழகச் சேவை அமைப்பு அகதி மாணவர் திட்டத்தை ஆரம்பித்தது. கனடியக் கல்லூரி மாணவர் தமது கட்டணத்தோடு ஒரு சிறுதொகையைச் சேர்த்துச் செலுத்தி, அகதி மாணவரைத் தம்மிடம் அழைத்துக்கொள்கின்றனர். 1992 இல் ஜேர்மனிய அரசின் உதவியோடு, தாமும் அகதியாக வாழ்ந்த அல்பேர்ட் ஐன்ஸ்டைனின் பெயரில், அகதிகளுக்கான உயர்கல்விப் புலமைப்பரிசில் தொடங்கியது.

இவையெல்லாம் போற்றத்தக்கவை. ஆனாற் பல்கலைக்கழகப் புலமைப்பரிசில் ஒன்றுக்கு விண்ணப்பிக்க, இடைநிலைக் கல்வியை முடித்த சான்றிதழ் வேண்டும். அதை முடிப்பதற்கு உதவுபவர் யார்? 1987 இல் சூடானிலிருந்து எதியோப்பியாவுக்கு நடந்து, அங்கிருந்தும் 1991 இல் துரத்தப்பட்டு, 1992 இல் கென்யாவின் ககூமா முகாமை அடைந்த சிறுவர்களின் கதை உலகப் பிரசித்தமானது. அவர்கள் மரநிழலில் மண்ணில் எழுதிப் படித்தனர். ஆரம்ப வகுப்பு மாணவர் நிறைந்த முகாம்களில் மேல்வகுப்புகளின் இடங்களோ விரல்விட்டு எண்ணத்தக்கவையாய் இருந்தன. மேல்மாடியில் விளக்கேற்றி வைத்துவிட்டு நடுப்படிகளைக் கழற்றிவிட்டாற் போன்ற நிலை அது.

ஐ.நா. அகதிகளுக்கான உயர்ஸ்தானிகராலயம் வெளியிட்ட கணக்குகள் இதனைத் தெளிவாக்குகின்றன. 2016 ஆம் ஆண்டு அறிக்கையின்படி அகதிப் பிள்ளைகளில் 50 வீதமானோர் ஆரம்பப் பாடசாலையில் இருந்தனர். இடைநிலையில் 22 வீதம். உயர்கல்வியில் 1 வீதம். 2019 இல் இவை முறையே 63, 24, 3 வீதங்களாயின. மூன்றாண்டுகளில் ஆரம்பக் கல்வி 13 புள்ளி உயர, இடைநிலை 2 புள்ளியே அசைந்தது. 2023 ஆம் ஆண்டு அறிக்கையில் இடைநிலை வீதம் 41 எனக் காணப்படுகிறது. கணக்கெடுக்கப்பட்ட நாடுகள் ஆண்டுக்கு ஆண்டு மாறுபடுவதால் அதை முழு முன்னேற்றமாகக் கொள்ள முடியாது. மகிழ்ச்சியளிக்கும் செய்தியே, எனினும் இன்னும் பாதிக்கு மேற்பட்டோர் வெளியே நிற்கின்றனர்.

எமது வரலாற்றில்

இனி எம்மைப் பார்ப்போம். பிறர் பணத்தில் படிப்பது எமக்குப் புதிய அனுபவமன்று. 1823 இல் அமெரிக்க மிஷனரிகள் வட்டுக்கோட்டையில் செமினறியை நிறுவியபோது, விடுதியில் தங்கிப் படித்த மாணவருக்கு அமெரிக்காவிலிருந்த அன்பர்கள் பணம் அனுப்பினர். அவ்வாறு உதவியவர்களின் பெயர்களும் அவர்கள் விரும்பிய பெயர்களும் மாணவருக்குச் சூட்டப்பட்டன. ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை, கறல் விசுவநாதபிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை என்ற பெயர்களை எம்முன்னோர் தாங்கியது இக்காரணத்தாலேயே. அக்கல்வியாலே தமிழ் பெற்ற பயன் பெரிது. விசுவநாதபிள்ளையும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் 1857 இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாயினர். சதாசிவம்பிள்ளை பாவலர் சரித்திர தீபகம் தந்தார். ஆயினும் கல்விக்கு விலையாக ஒரு பிள்ளை தன் பெயரையே கொடுக்க நேர்ந்தது என்பதை மறத்தலாகாது. கொடுப்பவர் இடத்தில் இன்று நாம் நிற்கும்போது அது நினைவில் இருக்கவேண்டிய செய்தி.

1945 இல் கன்னங்கரா அவர்களின் முயற்சியால் இலங்கையில் இலவசக் கல்வி வந்தது. ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசிலும் மத்திய கல்லூரிகளும் கிராமத்துப் பிள்ளைகளுக்கு விடுதியோடு கூடிய இடைநிலைக் கல்வியைத் திறந்துவிட்டன. ஆகவே நடுப்படிக்குக் கைகொடுத்தால் என்ன நிகழும் என்பதற்கு எமது தலைமுறைகளே சாட்சி. அப்படித் துளிர்த்த சமூகமே 1983 இன் பின்னர் கடல் கடந்தது.

இராமேஸ்வரத்திற் கரையேறியோரிற் பலர் முதலில் தங்கவைக்கப்பட்ட இடங்களுள் மண்டபம் முகாமும் ஒன்று. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளரை ஒரு காலத்தில் நிறுத்தி வைத்த அதே இடம். இந்தியா 1951 ஆம் ஆண்டு உடன்படிக்கையில் ஒப்பமிடாத நாடு. ஆகவே மேலே சொன்ன 22 ஆவது உறுப்புரை அங்கு செல்லாது. அப்படியிருந்தும் தமிழகம் முகாம் பிள்ளைகளைத் தன் அரசுப் பாடசாலைகளில் அமர்த்தியது. சட்டம் கேளாததை உறவு செய்தது. 1991 மே மாதம் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டபின் கல்விச் சலுகைகள் பறிபோயின. சில ஆண்டுகள் கழித்தே அவை படிப்படியாக மீண்டன. எழுதி வைக்கப்படாத உரிமை எவ்வளவு எளிதில் கைநழுவும் என்பதை அந்த ஆண்டுகளின் மாணவர் அறிவர். ஒரு பெரியவருக்கு மூன்றாண்டு என்பது மூன்றாண்டே. பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அது முழு வாழ்க்கை.

இக்காலம் முழுவதிலும் முகாமுக்குள்ளே நடந்த பணியைச் சொல்லாமல் விடமுடியாது. 1984 இல் தந்தை செல்வாவின் புதல்வர் சந்திரகாசன் அவர்களை முன்னின்று நடத்துபவராகக் கொண்டு ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் உருவானது. அகதிகளே அகதிகளுக்காக நடத்திய அமைப்பு அது. முகாம்களில் மாலை வகுப்புகள் நடந்தன. முன்னர் படித்தவர் பின்னர் வருவோருக்குக் கற்பித்தனர். ஒரு மின்குமிழின் கீழ் பல வகுப்புப் பிள்ளைகள் அமர்ந்திருக்க, ஒருவர் கணக்கும் மற்றவர் ஆங்கிலமும் சொல்லிக்கொடுத்த இத்தகைய வகுப்புகளே பலரைப் பொதுத்தேர்வு வரை கொண்டுவந்து சேர்த்தன. 2021 ஓகஸ்ட் மாதம் தமிழக அரசு 317.40 கோடி ரூபா நலத்திட்டத்தை அறிவித்தது. அதில் கல்வி உதவியும் அடங்கியது. அகதிமுகாம் என்ற பெயரும் மறுவாழ்வு முகாம் என மாறியது. ஆனால் பத்தாம் வகுப்போடு நின்று, வர்ணம் பூசும் வேலைக்கும் கூலி வேலைக்கும் போகும் பையன்கள் இன்றும் உளர். தகப்பனோடு ஏணி தூக்கச் செல்லும் அந்தப் பையனுக்கு ஒருநாட் கூலி கண்ணுக்குத் தெரிகிறது. படிப்பின் பயனோ, குடியுரிமை இல்லாத நாட்டில், கண்ணுக்குத் தெரிவதில்லை.

வரலாறு சொல்வது

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறக்கூடிய பாடங்கள் சில.

முதலாவது, உதவி என்றால் அது முழுக்காலத்துக்கும் உரியது. ஓர் ஆண்டு பணம் அனுப்பி மறு ஆண்டு மறந்தால், அந்தப் பிள்ளை இருந்ததும் கெட்டுப்போகும். நூறு பிள்ளைகளுக்கு ஓராண்டு உதவுவதிலும், இருபது பிள்ளைகளுக்கு ஐந்தாண்டு உதவுவதே மேல். இரண்டுக்கும் தொகை ஒன்றுதான்.

இரண்டாவது, பாடசாலைக் கட்டணம் மட்டும் செலவன்று. சீருடை, பேருந்துப் பணம், தேர்வுக் கட்டணம், பெண்பிள்ளைகளின் மாதாந்தத் தேவைகள், இரவில் படிக்க வெளிச்சம் ஆகிய யாவும் செலவே. வேலைக்குப் போயிருந்தால் வீட்டுக்கு வந்திருக்கக்கூடிய கூலியும் ஒரு செலவு என்பதைக் கொடுப்பவர் உணரவேண்டும். அதை உணராதவர், "இலவசமாய்ப் படிக்க விட்டும் இவன் படிக்கவில்லையே" என்று பிள்ளையைப் பழிப்பர்.

மூன்றாவது, சான்றிதழ்கள். ஓடும்போது யாரும் மாற்றுச் சான்றிதழை எடுத்துக்கொண்டு ஓடுவதில்லை. எந்த வகுப்பு வரை படித்தார் என்பதை நிறுவ முடியாமலே படிப்பை இழந்தவர் பலர். இதற்குப் பணம் வேண்டாம்; கடிதம் எழுதவும் அலுவலகம் ஏறி இறங்கவும் ஆள் வேண்டும். ஓய்வுபெற்ற ஆசிரியரும் எழுதுவினைஞரும் நிறைந்த எமது சமூகத்தில் அதற்கு ஆளில்லை என்று சொல்ல முடியாது.

நான்காவது, ஒரே கொடையாளியை நம்பிய பாடசாலை அவர் மனம் மாறிய அன்று மூடப்படும். பலர் சிறிது சிறிதாய்க் கொடுப்பதே நின்று நிலைக்கும். கனடிய மாணவரின் திட்டம் 1978 இலிருந்து தொடர்ந்து நிற்பதன் இரகசியமும் அதுவே.

ஐந்தாவது, மானம். உதவி பெறும் பிள்ளையை மேடையேற்றி, கொடுத்தவர் பெயர் எழுதிய பதாகையின் கீழ் நிறுத்திப் படமெடுப்பதைத் தவிர்ப்போமாக. வட்டுக்கோட்டையில் பெயரைக் கொடுத்தார்கள். நாம் முகத்தைக் கேட்கிறோம். பதினாறு வயதுப் பிள்ளைக்கு வெட்கம் உண்டு. அந்தப் படம் அவளை வகுப்பறையிலும் பின்தொடரும். பணத்தைப் பாடசாலையின் ஊடாகவோ முகாமின் கல்விக் குழுவின் ஊடாகவோ அனுப்பினால், யாருடைய பணம் யாருக்குப் போனது என்பது அவ்விருவருக்குமே தெரியவேண்டியதில்லை. கணக்கு மட்டும் எல்லோருக்கும் தெரியவேண்டும்.

எம்மிற் பலர் இடைநடுவில் படிப்பை விட்டு விமானம் ஏறியவர்கள். உயர்தரப் பரீட்சைக்கு இருக்கவேண்டிய வயதில் உணவகங்களில் கோப்பை கழுவினோம். எமது பிள்ளைகள் இன்று பட்டம் பெறுகின்றனர் என்றால், வந்து சேர்ந்த நாடுகள் அவர்களின் நடுப்படியைக் கழற்றாமல் விட்டமையே காரணம். ஆகவே அடுத்த ஒன்றுகூடலில், எந்தப் பிள்ளைக்கு உதவுவது என்ற பேச்சு எழும்போது, ஏடு தொடக்கும் சிறுவனுக்கும் பட்டம் பெறும் இளைஞனுக்கும் நடுவே நிற்கும் அந்தப் பதினைந்து வயதுப் பிள்ளையையும் நினைப்போம். அவன் ஏணியைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் புறப்படுமுன் அவனிடம் நாம் போய்ச் சேரவேண்டும்.